40 சதவீதம் குறைகிறது, சரி, கூடுவது எது?
ஷார்ட் ஷிஃப்டர் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கியர் போடக் கை போகும் தூரத்தைக் குறைக்கும் லிவர், செய்பவர்களுக்கும் விற்பவர்களுக்கும்,

வணக்கம். உங்களில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் மிச்சிகனில் டிராய், நோவை, கேன்டன் பக்கம் சனிக்கிழமை காலையில் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, ஒரு கையில் காபியும் மறு கையில் ஸ்பேனருமாக நிற்கும் தமிழர்கள் நிறையப் பேர். பலர் கார் தொழிலிலேயே வேலை பார்க்கிறவர்கள். உங்கள் பெட்டியைக் காசு கொடுத்து வாங்குவது அவர்களும்தான். அவர்கள் படித்தால் உங்களுக்கு நாலு கேள்வி வரும். எனக்கு அது போதும்.

என்னிடம் இருப்பது 2001 மாடல் மாஸ்டா மியாட்டா. ஐந்து கியர், இரண்டு சீட், மடக்குகிற கூரை. நான் வாங்கியபோதே 1,10,000 மைல் ஓடியிருந்தது. நியூட்ரலில் கியர் லிவரைத் தொட்டால், விழப்போகும் பல் மாதிரி இரண்டு பக்கமும் ஆடும். இரண்டாவது கியர் விழுந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியாது, கிளட்சை விட்ட பிறகுதான் தெரியும். இதற்கு மருந்து ஷார்ட் ஷிஃப்டர் என்று முடிவு கட்டி, உங்களில் ஒருவரிடம் 230 டாலர் கொடுத்து ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். எல்லோருடைய பெட்டியிலும் ஒரே மாதிரிதான் அச்சடித்திருக்கிறது: '40% குறைந்த த்ரோ. இன்னும் வேகமான கியர் மாற்றம்.'

த்ரோ என்றால் ஒரு கியர் போடக் கை நகரும் தூரம். முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதைப் பற்றித்தான் இந்த மடல்.

கடப்பாரையால் கல்லை நெம்பியவர்களுக்கு ஷார்ட் ஷிஃப்டர் புதிய விஷயமில்லை. லிவருக்கு நடுவில் ஓர் உருண்டை இருக்கிறது, அதுதான் ஊன்றும் இடம். அதற்கு மேலே உள்ள நீளம் கைக்கு, கீழே உள்ள நீளம் கியர்பாக்ஸுக்கு. கணக்குக்காக மேலே 200 மில்லிமீட்டர், கீழே 40 என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 5. கியர்பாக்ஸுக்குள் கம்பி 10 மில்லிமீட்டர் நகர வேண்டுமென்றால் கை 50 மில்லிமீட்டர் நகர வேண்டும். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? ஊன்றும் இடத்தை மேலே தூக்குகிறீர்கள், அல்லது மேல் கம்பியை வெட்டிக் குட்டையாக்குகிறீர்கள். விகிதம் 3 ஆகிறது, கை 30 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். 40 சதவீதம் குறைந்துவிட்டது. சபாஷ்.

ஆனால் உள்ளே இருக்கும் கம்பி அதே 10 மில்லிமீட்டர்தான் நகர்கிறது, அதைத் தள்ளுவதற்கு அதே பலம்தான் வேண்டும். முன்பு அந்தப் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கை கொடுத்தால் போதும். இப்போது மூன்றில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அதாவது 67 சதவீதம் அதிகம். த்ரோவைப் பாதியாகக் குறைத்தால் பலம் இரண்டு மடங்கு. இது எட்டாம் வகுப்புக் கணக்கு. ஊரில் பழைய அரசு பஸ்ஸின் கியர் ராடு ஏன் அத்தனை நீளம், டிரைவர் ஏன் உடம்பையே சாய்த்து கியர் போட்டார் என்பதற்கும் இதே கணக்குத்தான். உங்கள் எஞ்சினியர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. பெட்டியில் 40-ஐ அச்சடிக்கும் மெஷினில் 67-ஐயும் அச்சடிக்கலாம். மை அப்படி ஒன்றும் அதிகம் செலவாகாது.

அப்புறம் அந்த 'வேகமான கியர் மாற்றம்'. கியர் விழ எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தீர்மானிப்பது கை போகிற தூரம் மட்டுமில்லை, உள்ளே இருக்கும் சின்க்ரோ வளையமும்தான். ஓடுகிற பஸ்ஸில் ஏறுகிறவன் என்ன செய்வான்? கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸோடு நாலடி ஓடி, வேகம் சமமானதும் படியில் கால் வைப்பான். அந்த நாலடி ஓட்டம்தான் சின்க்ரோவின் வேலை. கூம்பு மாதிரியான வளையம் கியரின் மேல் உரசி, இரண்டின் வேகத்தையும் சமன் செய்கிறது. சமமாகும் வரை வளையத்தின் பற்கள் வழியை மறித்து நிற்கும். உங்கள் லிவர் அந்த ஓட்டத்தைக் குறைப்பதில்லை. ஏறுகிறவனை முதுகில் பிடித்துத் தள்ளுவதற்கு ஆசையை மட்டும் கிளப்புகிறது. த்ரோ குறைந்ததும் கை தானாக அவசரப்படும், வளையம் தேய்ந்திருந்தால் 'கர்' என்று ஒரு சத்தம் வரும். உங்கள் விளம்பரத்தில் அந்தச் சத்தம் கேட்பதில்லை, மேலே பாட்டு ஓடுகிறது.

எனக்கு அந்தச் சத்தம் அக்டோபர் மாதத்தில் ஒரு காலை வந்தது. வெளியே 2 டிகிரி, கியர் ஆயில் கஞ்சி மாதிரி உறைந்திருந்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தேன், சுவரில் மோதியதுபோல் நின்றது. இன்னும் அழுத்தினேன், கரகரவென்று விழுந்தது. வீட்டிலிருந்து ஆபீஸ் போவதற்குள் மணிக்கட்டு வலித்தது. போதாக்குறைக்கு 3,500 ஆர்பிஎம்மில் லிவர் முழுக்க ஒரு ரீங்காரம். மாஸ்டாவே போட்ட லிவரில் அதிர்வை விழுங்குவதற்கு ரப்பர் வைத்திருந்தார்கள். உங்களுடையது ஒரே இரும்பு. கியர்பாக்ஸ் பாடுவதெல்லாம் உள்ளங்கைக்கு வந்தது. உங்களுக்கு எழுதிக் கேட்டேன். 'ஸ்போர்ட்டியான ஃபீல் இது, பழகிவிடும்' என்று பதில் வந்தது.

கியர்பாக்ஸ் வேலையே பார்க்கும் நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "டரட்டில் ஆயில் ஊற்றினியா?"

டரட் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. பழைய மியாட்டாவில் லிவர் நேராக கியர்பாக்ஸின் தலையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அது உட்காரும் சின்னக் கிண்ணம்தான் டரட். அதற்குத் தனியாக ஆயில் உண்டு. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றினாலும் இது மாறாது, மேலேயிருந்து தனியாகத்தான் ஊற்ற வேண்டும். அளவு 80, 90 மில்லி, ஓர் இருமல் மருந்து பாட்டில். மேலே தூசி விழாமல் இருக்க ஒரு சின்ன ரப்பர் பூட், அதற்கும் மேலே பெரியது ஒன்று, லிவரின் அடி நுனியில் ஒரு நைலான் புஷ், அதாவது ஆட்டத்தைத் தடுக்கும் சின்ன உறை. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் ரப்பர் கிழியும், நைலான் தேயும், ஆயில் காணாமல் போகும். லிவர் ஆடுகிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். நான் உங்கள் பாகத்தைப் போடுவதற்காகத் திறந்தபோது உள்பூட் கந்தலாகக் கிடந்தது, கிண்ணத்தின் அடியில் கறுப்பாக ஒரு பிசுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, அதன் மேலேயே உங்கள் லிவரை வைத்து மூன்று போல்ட்டையும் முறுக்கிவிட்டேன். நீங்கள் கொடுத்த நாலு பக்கக் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. முட்டாள்தனம் என்னுடையதுதான். ஆனால் அந்த ஒரு வரியை எழுதியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

அடுத்த சனிக்கிழமை எல்லாவற்றையும் கழற்றினேன். இரண்டு பூட், புஷ், ஒரு கேஸ்கெட், எல்லாம் சேர்த்து 40 டாலர் சொச்சம். கிண்ணத்தைத் துடைத்து, 75டபிள்யூ-90 ஆயில் ஊற்றி, பழைய லிவரையே திரும்பப் போட்டேன். முதல் திருப்பத்தில் இரண்டாவது கியர் போட்டபோது, சுடச்சுட இட்லி தட்டிலிருந்து விடுபடுவதுபோல் ஒரு மென்மை. அப்போதுதான் உறைத்தது. 1989 பிப்ரவரியில் சிகாகோ ஆட்டோ ஷோவில் இந்தக் காரை மாஸ்டா காட்டிய நாளிலிருந்து மக்கள் புகழ்ந்ததே இந்த லிவரைத்தான். மணிக்கட்டை அசைத்தால் கியர் விழும் கார் என்று பெயர் வாங்கியது. 2016-க்குள் பத்து லட்சம் கார் தயாரித்துவிட்டார்கள். பிறக்கும்போதே ஷார்ட் ஷிஃப்டரோடு பிறந்த காருக்கு நான் இன்னொன்று வாங்கிப் போட்டிருக்கிறேன்.

உங்கள் தொழிலே மோசடி என்று சொல்ல வரவில்லை. 2011-க்குப் பிந்தைய ஃபோர்ட் மஸ்டாங்கில் லிவர் கியர்பாக்ஸின் தலையில் இல்லை, பின்னால் தள்ளி இருக்கிறது. கியர்பாக்ஸுக்கும் லிவருக்கும் நடுவில் கம்பி, லிவரைத் தாங்கும் அமைப்பு ஒரு ரப்பர் புஷ் வழியாக பாடியில். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சின் ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளும், லிவர் தன் இடத்திலேயே நிற்கும், மூன்றாவது கியர் தேடினால் கிடைக்காது. அங்கே இறுக்கமாகச் செய்த ஷிஃப்டர் உண்மையிலேயே உதவுகிறது. கவனியுங்கள், உதவுவது அதன் இறுக்கம், குறைந்த த்ரோ அல்ல. இ36 என்ற பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வைத்திருப்பவர்கள் பிஎம்டபிள்யூவின் சொந்த லிவரையே, அதன் இரண்டு சீட் காரான இஸட்3 1.9-இல் வந்ததை, எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கொஞ்சம்தான் குறையும், ரப்பர் அப்படியே இருக்கும். கெட்டிக்காரர்கள். முன்சக்கரம் ஓட்டும் கார்கள் பலவற்றில் லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குக் கேபிள் இரண்டு ஓடுகிறது, அவற்றின் நுனி ரப்பர் புஷ்ஷை மட்டும் மாற்றினாலே பாதி நோய் தீரும். அந்தப் புஷ்ஷையும் நீங்கள்தான் விற்கிறீர்கள், ஆனால் அது கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, ஏனென்றால் அதில் லாபம் குறைவு.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். த்ரோ எத்தனை சதவீதம் என்று எழுதும்போது முன்பின் எவ்வளவு, பக்கவாட்டில் எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். முன்பின் குறைந்தால் கை பழகிக்கொள்ளும். பக்கவாட்டிலும் குறைத்தால் கியர் வரிசைகள் ஒன்றோடொன்று நெருங்கிவிடும், ஐந்திலிருந்து நான்குக்கு இறங்க நினைத்த கை இரண்டில் போய் விழும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் அங்கே காப்பாற்றாது. அது எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரம் எஞ்சினைச் சுற்றுவதை அல்ல. வால்வு வளைந்த பிறகு வரும் பில் உங்கள் ஷிஃப்டரின் விலையைப் போலப் பல மடங்கு.

லிவரில் ரப்பர் உண்டா இல்லையா என்று சொல்லுங்கள். லிவரின் தலையில் உள்ள கைப்பிடியான நாப் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கும் என்பதையும் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கிலிருந்து கை எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது குள்ளமான எனக்கு முக்கியம். வாரண்டியைப் பற்றி ஒரு வரி: 1975-இன் மாக்னசன்-மாஸ் என்ற அமெரிக்க வாரண்டி சட்டப்படி வேறு கம்பெனியின் பாகம் போட்டதாலேயே வாரண்டி போய்விடாது என்று பெரிய எழுத்தில் போடுகிறீர்கள். அந்தப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்றால் வாரண்டி கிடைக்காது என்பதையும் அதே எழுத்தில் போடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'வாங்கு' பட்டனுக்கு முன்னால் ஒரு கேள்வி வையுங்கள்: புஷ், பூட், ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? சிலர் 230 டாலருக்குப் பதில் 40 டாலரோடு போய்விடுவார்கள், உண்மைதான். மீதிப் பேர், நல்ல நிலையில் இருக்கும் லிவரையும் பிடித்துப் பார்த்துவிட்டு, தெரிந்தே உங்களுடையதை வாங்குவார்கள். அவர்கள் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

உங்கள் லிவர் இப்போது என் கராஜ் அலமாரியில் பெட்டியோடு இருக்கிறது. விற்கவும் மனசில்லை, வேலைப்பாடு அழகாகத்தான் இருக்கிறது. 40% என்ற எழுத்துக்குக் கீழே வெற்றிடம் இருந்தது. அதில் மார்க்கரால் '67% கூடுதல் பலம், டரட்டில் 90 மில்லி' என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த தடவை அச்சடிக்கும்போது இடம் போதுமா என்று சந்தேகம் வந்தால் கேளுங்கள், போட்டோ அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பழைய மியாட்டா ஒன்றின் சொந்தக்காரன்,
மிச்சிகன்