பிள்ளை பெறச் சொல்வதற்கு முன்: டெல்டா மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கல்யாண மேடைகளில் அரசியல் தலைவர்கள் சொல்லும் வாழ்த்தில் இப்போது ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது: சீக்கிரம் பெற்றுக்கொள்ளுங்கள், நிறையப் பெற்றுக்கொள்ளுங்கள். காரணம் தெரியும். ஜனத்தொகையை வைத்து நாடாளுமன்றத் தொகுதிகளைப் பிரிக்கும் தொகுதி மறுவரையறை வந்தால், குடும்பத்தைச் சுருக்கிய மாநிலத்தின் பங்கு குறையும் என்ற கவலை. கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தச் சண்டையை டெல்லியில் போடுங்கள், பிரசவ வார்டில் வேண்டாம்.

நான் திருவாரூர்ப் பக்கம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். 1996 வரை எங்களுக்கு டார்கெட் உண்டு. இத்தனை குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் 'கேஸ்' பிடித்தாக வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு வரும். அப்போது 'போதும்' என்றவர்களே இப்போது 'போதாது' என்கிறார்கள். இரண்டு உத்தரவும் போவது அதே பெண்ணின் வயிற்றுக்குத்தான்.

டார்கெட்டினால்தான் பிறப்பு குறைந்தது என்று நான் நம்பவில்லை. காலராவும் வயிற்றுப்போக்கும் அம்மையும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போன காலத்தில், ஐந்து பெற்றால் மூன்று பிள்ளைகளாவது மிஞ்சட்டும் என்று பெற்றார்கள். முதலில் சாவு குறைந்தது. தடுப்பூசி, உப்புச்சர்க்கரைக் கரைசல், ஆஸ்பத்திரிப் பிரசவம் எல்லாம் வந்து, பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை உறுதியானபின், பிறப்பும் தானாக இறங்கியது. சாவு முந்திக் குறைந்து பிறப்பு பிந்திக் குறைந்த அந்த இடைவெளியில்தான் ஜனத்தொகை பெருகியது. பெண்பிள்ளை பத்தாவது, பன்னிரண்டாவது வரை படித்தாள், கல்யாணம் தள்ளிப்போனது. 1971-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 4 பிள்ளைகள். 1990-களில் அது 2.1-ஐ ஒட்டி வந்துவிட்டது. 2020-இல் 1.4.

அந்த 2.1 ஏன் முக்கியம்? தாய் தகப்பன் இருவருக்கு ஈடாக இரண்டு. தாயாகும் வயதுக்கு முன்பே இறந்துபோகும் பெண்களுக்கும், பெண்ணைவிட ஆண் குழந்தை சற்று அதிகம் பிறப்பதற்கும் ஈடாக மிச்சம் 0.1. அதற்குக் கீழே போனாலும் ஜனத்தொகை உடனே குறையாது. முன்பு நிறையப் பிறந்தவர்கள் வளர்ந்து ஆளுக்கு ஒன்றிரண்டு பெற்றாலே மொத்தம் சில காலம் ஏறும். அவர்களுக்கு வயதான பிறகுதான் இறக்கம் தெரியும்.

ஆனால் டெல்டாவின் கதையைப் பிறப்புக் கணக்கு மட்டும் சொல்லாது. 2001-க்கும் 2011-க்கும் நடுவே மாநிலம் 15.6 சதவீதம் வளர்ந்தபோது, தஞ்சாவூர், நாகை, திருவாரூர் மூன்றுமே 8, 9 சதவீதத்தைத் தாண்டவில்லை. தஞ்சாவூரில் 1000 ஆண்களுக்கு 1035 பெண்கள். ஆண்கள் எங்கே? திருப்பூரில், சென்னையில், சிங்கப்பூரில், வளைகுடாவில். இது புதிதும் இல்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் இரங்கூனுக்கும் போனவர்களின் ஊர் இது. இங்கே நடவுக்கு இப்போது மேற்கு வங்காளத்திலிருந்து ஆள் வருகிறார்கள். நம் பையன்கள் துபாயில் கம்பி கட்டுகிறார்கள்! குறுவையும் சம்பாவும் வருஷம் முழுக்கக் கூலி தருவதில்லை, அறுவடைக்கு மெஷின் வந்தாயிற்று. இங்கே இன்னும் இரண்டு பிள்ளை பிறந்தால், அவையும் பஸ் ஏறத்தான் போகும்.

காசு கொடுத்துப் பெறவைக்கலாம் என்று நினைத்தால் தென்கொரியாவைப் பாருங்கள். பணத்தைக் கொட்டியும் 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளைதான்.

சரி, என்ன செய்யலாம்? வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை விட்டுவிட்டுப் போக, சாயங்காலம் வரை திறந்திருக்கும் காப்பகம் வேண்டும். இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று விரும்புகிறவளுக்கு அது உதவும். வேண்டாம் என்கிறவளை விட்டுவிடுங்கள். விளைநிலத்தைக் கெடுக்காத வேலைகள் டெல்டாவிலேயே வேண்டும். ஊரில் மிஞ்சியிருக்கும் முதியவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு, படுத்துவிட்டால் வந்து பார்க்க ஆளும் வேண்டும். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், ஒவ்வொரு ஊராட்சியிலும் 60 வயதுக்கு மேல் எத்தனை பேர், அவர்களில் தனியாக இருப்பவர் எத்தனை பேர் என்று எடுத்துக் கிராமசபையில் படிக்கச் செய்யுங்கள். அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் வாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு கிராம சுகாதாரச் செவிலியர்