அன்னபோஸ்ட் வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் பாப்பாவும் நலம்தானே? பாப்பாவுக்கு இருமல் நின்றதா? ஏசியைக் குறைத்து வைக்கச் சொல்லு. இங்கே பெரியாறு கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. மதகடி வயலை இந்தப் போகமும் வாரத்துக்குத்தான் விட்டிருக்கிறேன்.

போன வாரம் பேங்குக்குப் போய் பாஸ்புக்கில் எண்ட்ரி போட்டுவந்தேன். அதைப் பற்றி எழுத உட்காரவில்லை. உன் சம்பாத்தியம், வெயிலில் நின்று சேர்த்தது. உன் சித்தப்பா என்னைக் கண்டால் இப்போதெல்லாம் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறார். நீயும் வெள்ளிக்கிழமை போன் பண்ணவில்லை. வேலை இருந்திருக்கும்.

ஊர்ச் செய்தி சொல்கிறேன். பஞ்சாயத்துப் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்ததும் தனி அலுவலர் வந்தார். தேர்தல் அறிவிப்பு வருகிறதோ இல்லையோ, நம் ஊர் மந்தையில் அதற்குள் கூட்டம் போட்டுவிட்டார்கள். தலைவர் பதவிக்குப் போட்டியே வேண்டாமாம். கோபுரத் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறாரோ அவர் ஒருவர்தான் மனுப் போடுவார், மற்றவர் யாரும் போடக்கூடாது, அன்னபோஸ்ட்டாக வந்துவிடலாம் என்று பேச்சு. செலவு மிச்சம், சண்டை மிச்சம், சாமி காரியமும் முடிந்துவிடும் என்கிறார்கள். கேட்பதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது பார்.

அந்தக் கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. வரி கொடுக்கிற தலைக்கட்டு, அதாவது வீட்டுக்கு ஓர் ஆம்பளை என்று கணக்கு, அவர்கள் மட்டும். நான் தலைக்கட்டு இல்லை. உன் அத்தை இல்லை. காலனியில் ஒருவர்கூட இல்லை. உனக்கு மட்டும் சார்ஜாவில் இருந்தபடியே இந்த ஊரில் ஒரு தலைக்கட்டு உண்டு. வாக்காளர் பட்டியலில் எங்கள் எல்லாருடைய பெயரும் இருக்கிறது. மந்தைக் கணக்கில் ஊரில் பாதிக்கு மேல் இல்லை. இதை ஊர் கூடி எடுத்த முடிவு என்று எப்படிச் சொல்வது?

நீ குடும்ப வாட்ஸ்அப்பில் குடவோலை பற்றி ஒன்று அனுப்பியிருந்தாய். ஊர் கூடித் தேர்ந்தெடுப்பது நம் மரபு என்று. சித்தப்பா உடனே கைகூப்பிப் பதில் போட்டார். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி அப்பா பள்ளியில் எத்தனையோ தடவை பாடம் எடுத்திருக்கிறார், நீயும் கேட்டவன்தான். பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் வெட்டியது. வரி கட்டுகிற கால் வேலி நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ளவன் பெயரைத்தான் ஓலையில் எழுதலாம். அது ஒரு பிராமணச் சபை. நாம் யாருமே அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்க மாட்டோம். ஆனால் அதே கல்லில் இன்னொன்றும் இருக்கிறது. வாரியத்தில், அதாவது ஊர்க் காரியம் பார்க்கிற குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் நெருங்கிய உறவுக்காரனுக்கும் மறுபடி இடமில்லை. அதை மட்டும் யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

நான் மெம்பராக இருந்தவள், தம்பி. 1996-ல் மூன்றாம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது. நாடாளுமன்றத்தில் 73-ஆவது திருத்தம் போட்டு, இங்கே 1994-ல் பஞ்சாயத்துச் சட்டம் வந்து நடந்த முதல் தேர்தல் அது. அதற்கு முன்னால் நான் பஞ்சாயத்து ஆபீஸ் படி ஏறியதில்லை. பொம்பளை அங்கே என்ன செய்வாள் என்று கேட்டவர்களில் உன் சித்தப்பாவும் ஒருவர். அதை நான் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதற்காகச் சொல்கிறேன். பஞ்சாயத்துச் செக்கில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடவேண்டும். அதனால்தான் ஏலம் விடுகிற ஊர்களில் துணைத் தலைவர் பதவிக்கும் ஒரு விலை வைக்கிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் கண் வைத்திருக்கட்டும் என்று சட்டம் போட்ட பூட்டு. இரண்டு சாவியும் ஒரே மந்தையில் விலை போனால் பூட்டு எதற்கு?

கடலூர்ப் பக்கம் ஒரு ஊரில் 2019-ல் தலைவர் பதவி 50 லட்சத்துக்கு ஏலம் போனதாகப் பேப்பரில் வந்தது. அவ்வளவு கொடுத்தவர் சும்மா இருப்பாரா? குழாய் இணைப்பிலும் தெருவிளக்கிலும் பிளான் அப்ரூவலிலும்தான் எடுப்பார். இவ்வளவு பணம் வேண்டாம் என்றுதானே சட்டத்தில் வைத்திருக்கிறார்கள். போன தேர்தலில் தலைவருக்கு நிற்க டெபாசிட் 600 ரூபாய். பட்டியல் சாதிக்காரர் என்றால் அதிலும் பாதி. 21 வயது ஆனால் போதும். மாடு மேய்க்கிறவன் மகள்கூட மனுப் போடலாம். மந்தையில் அந்த 600 ரூபாயை இலட்சமாக்கிவிட்டால் யார் நிற்க முடியும்?

உனக்கு 2019 ஞாபகம் இருக்கும். டிசம்பரில் லீவில் வந்திருந்தாய். பள்ளிக்கூடத்தில் காலனிக்காரர்களோடு ஒரே வரிசையில் நின்றாய். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நாலு சீட்டு கொடுத்தார்கள். வார்டுக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, யூனியனுக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். உனக்கு முன்னால் நின்ற பாட்டி முத்திரையைக் குத்திவிட்டு, மடித்தால் மை அடுத்த சின்னத்தில் ஒட்டிவிடுமோ என்று மறைப்புக்குள்ளேயே நின்று ஊதிக்கொண்டிருந்தது. ஏஜெண்ட் அதட்டினார். "அவங்க ஓட்டு, ஆறுகிற வரைக்கும் நிப்பாங்க" என்று நீ சொன்னாய். அந்தப் பையனைத்தான் நான் பெற்றேன்.

அந்தத் தடவை ஜெயித்தவர் பதினோரு ஓட்டில் ஜெயித்தார். அதற்கு முந்தைய மாதம் முழுக்கப் போட்டியிட்ட இரண்டு பேரும் காலனிக்குள் போய்க் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். நம் தெரு ஆள் ஒருவர் அங்கே தண்ணீர் குடித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. ஓட்டுக்காகத்தான் குடித்தார், எனக்குத் தெரியாதா? இருக்கட்டுமே. வாசலில் போய் நின்று கேட்டதால், அடுத்த கிராம சபையில் அந்த வாசல்காரர்கள் எழுந்து மயானப் பாதை எங்கே என்று கேட்க முடிந்தது. பாதையும் வந்தது. ஏலம் எடுத்தவர் யார் வாசலுக்கும் போகவேண்டியதில்லை. தலைக்கட்டுகளுக்குப் பணத்தைக் கட்டியாயிற்று. அப்புறம் காலனியில் தண்ணீர் வராவிட்டால் அவரை யார் கேட்பது? "உன் ஓட்டை நான் வாங்கவே இல்லையே" என்பார். நிஜம்தானே அது?

தேர்தல் நடந்தால் ஜனநாயகம் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஓட்டுக்குக் காசு கொடுக்கிறார்கள், நம் வீட்டுக்கும் கவரை நீட்டினார்கள், அப்பா திருப்பிக் கொடுத்தது உனக்குத் தெரியும். 2016-ல் நடக்கவேண்டிய தேர்தல் கோர்ட், வழக்கு என்று 2019 வரைக்கும் இழுத்தது. மூன்று வருஷம் அதிகாரி வைத்ததுதான் சட்டம். அப்போது ஒரு தெருவிளக்குக்கு பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நான் காத்துக் கிடந்தேன். மேலே இருக்கிறவர்கள் தள்ளிப்போட்டுக் கெடுப்பது ஒரு பக்கம். கீழே நாமே ஒற்றுமை, சாமி காரியம் என்று சொல்லிக் கையில் இருப்பதைக் கழற்றிக் கொடுப்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்கு எதிராகக் கேஸ் போட ஆள் வராது, எல்லாரும் சொந்தக்காரர்கள்.

மேலூர்ப் பக்கம் மேலவளவு ஊரில் நடந்ததை உனக்கு நான் சொல்லித்தான் வளர்த்தேன். அந்தப் பஞ்சாயத்தைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கு ஒதுக்கினதும், மனுப் போட்டவர்களை மிரட்டி வாபஸ் வாங்க வைத்தார்கள். மறுபடி தேர்தல் வைத்தால் பெட்டியைத் தூக்கினார்கள். அதையும் தாண்டி முருகேசன் ஜெயித்தார். 1997 ஜூன் 30, மதுரையில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸை மறித்து அவரையும் கூட வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். நம் வழியில் ஓடுகிற பஸ். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியில் 2006 வரைக்கும் பத்து வருஷம் தலைவர் நாற்காலியில் ஒருவரையும் நிலைத்து உட்காரவிடவில்லை. யாரையாவது நிறுத்துவது, ஜெயித்த உடனே ராஜினாமா எழுதி வாங்குவது. அதையும் ஊர்க் கட்டுப்பாடு என்றுதான் சொன்னார்கள். இப்போது நம் மந்தையில் சொல்கிற அதே சொல். அங்கே அரிவாள், இங்கே ரூபாய், அதுவே வித்தியாசம் என்று நான் சொன்னால் சித்தப்பாவுக்குக் கோபம் வரும். உனக்கும் வரலாம்.

மகாராஷ்டிராவில் 2021-ல் இப்படி ஏலம் விட்ட இரண்டு ஊர்களில் தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. இங்கேயும் ஆணையம் அது குற்றம் என்று அறிவித்திருக்கிறது. பணம் கட்டியவர் பெயர் வெளியே வந்தால், அவருக்குப் பணம் கொடுத்தவர் பெயரும் வரும். நீ பாஸ்போர்ட் வைத்துப் பிழைக்கிறவன். இதை நான் இரண்டு தடவை எழுதினாலும் கோபித்துக்கொள்ளாதே: நீ பாஸ்போர்ட் வைத்துப் பிழைக்கிறவன்.

சரி, மறைத்து என்ன ஆகப்போகிறது? மூன்று லட்சம் போயிருக்கிறது, தம்பி. பாப்பாவின் பெயரில் போடச் சொன்ன பணம். சித்தப்பா கேட்டால் உன்னால் இல்லையென்று சொல்ல முடியாது, அப்பா காரியத்தின்போது அவர் நின்றதை நானும் மறக்கவில்லை. கடனென்றால் கடனாக இருக்கட்டும், அவர் மகள் கல்யாணத்துக்குக் கொடு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். இதற்குக் கொடுக்காதே.

சித்தப்பாவிடம் நான் பேசினால் உறவே நின்றுபோகும், நீ பேசு. இந்த வெள்ளிக்கிழமையே பேசு. மந்தையில் பணம் கட்டுகிற நாள் பௌர்ணமி என்கிறார்கள், அதற்கு முன்னால். தலைவராகவேண்டும் என்ற ஆசை தப்பில்லை என்று சொல். 600 ரூபாய் கட்டி மனுப் போடட்டும், எதிர்த்து நிற்கிறவர் நிற்கட்டும். அவர் ஓட்டுக் கேட்டுப் புறப்பட்டால் மூன்றாம் வார்டு முழுக்க நான் கூட வருகிறேன், காலனிக்கும் வருகிறேன். அவரிடம் இதையும் சேர்த்துச் சொல்லிவிடு.

மருமகளுக்கு மாவடு போட்டு வைத்திருக்கிறேன், ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லி ஆள் விசாரி. என் பிரஷர் மாத்திரையை டாக்டர் மாற்றியிருக்கிறார், பயப்பட ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
அம்மா