பிரின்ட் அவுட் புராஜெக்ட் இனி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நடுநிலைப் பள்ளிகளில் கணினி ஆய்வகம் அமைவதை வரவேற்று நீங்கள் எழுதிய தலையங்கத்தைப் படித்தேன். கம்ப்யூட்டர் வருகிறது, இணையம் வருகிறது, சரி. அதில் எப்படித் தேடுவது, கிடைத்ததை எப்படிச் சரிபார்ப்பது என்று ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யார், எந்தப் பாடவேளையில் சொல்லித்தருவது? அந்தப் பேச்சையே காணோம். ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போது என்ன நடக்கிறது? ‘சூரியக் குடும்பம் பற்றி புராஜெக்ட் செய்து வா’ என்கிறோம். பிள்ளை அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறது. தேடுபவர் கடைக்காரர். முதலில் வந்த பக்கத்தை அப்படியே கலர் பிரின்ட் எடுத்துக் கொடுக்கிறார். சார்ட்டில் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பார்டர் போட்டால் முழு மதிப்பெண். ஒரே எழுத்துப்பிழை நாலு சார்ட்டில் இருந்தால், நாலு பேரும் ஒரே கடைக்குப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். வீட்டில் போன் இருக்கிற பிள்ளைக்குக் கடை தேவையில்லை. தேடலுக்கு மேலே ஏஐ தருகிற நாலு வரியைப் பார்த்து எழுதிவிடுகிறது. கடைக்காரர்தான் மாறியிருக்கிறார்.

தேடக் கற்றுத்தரத் தனிப் புத்தகம் எதுவும் வேண்டாம். திருநள்ளாறு சனீஸ்வரர் கோயிலுக்கு நேர் மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுபோகின்றன, நாசாவே அசந்துவிட்டது என்று ஒரு செய்தி வருடக்கணக்காகச் சுற்றுகிறதே, அதைத்தான் வகுப்பில் எடுத்துக்கொண்டேன். ‘திருநள்ளாறு செயற்கைக்கோள் அதிசயம்’ என்று தட்டியவர்களுக்கு வரிசையாக அதிசயமாகவே வந்தது. கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு ‘உண்மையா’ என்று தட்டியவர்களுக்கு மறுப்புகளும் வந்தன. நாம் கேட்கிற மாதிரிதான் பதிலும் வரும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்து மூன்று கேள்விகள் கொடுத்தேன். எந்தச் செயற்கைக்கோள்? எந்த வருடம்? நாசாவில் சொன்னவர் யார்? பக்கம் பக்கமாகப் புரட்டியும் ஒரு பெயர், ஒரு தேதி தேறவில்லை. வாக்கியங்கள் மட்டும் வரிக்கு வரி ஒரே மாதிரி. பூமிக்குப் பக்கத்தில் சுற்றுகிற செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று ஒரு பையன் விண்வெளி நிறுவனம் ஒன்றின் தளத்திலிருந்தே எடுத்துக்கொண்டு வந்தான். “அது நின்னா கீழே விழுந்துடுமே டீச்சர்” என்றாள் பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி. கோயிலைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அதற்குத் தனியாக ஒரு வாசகர் கடிதம் வரும்.

போனில் கில்லாடியாக இருக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். வராது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு 2016-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. விளம்பரதாரர் பணம் கொடுத்துப் போட்டது என்று குறிப்பிட்டிருந்த பகுதியையே, 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட நடுநிலைப் பள்ளி மாணவர்கள் உண்மைச் செய்தி என்று எடுத்துக்கொண்டார்கள். செய்திகளைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்பதையும் அதே குழு கவனித்தது. அவர்கள் புதிதாக ஒரு தளத்துக்குப் போனால் மேலிருந்து கீழ்வரை படித்துக்கொண்டு உட்காருவதில்லை. உடனே இன்னொரு டேப்பைத் திறந்து, இந்தத் தளம் யாருடையது, மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்கிறார்கள். இது பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் முடியாத வித்தையா என்ன?

நம் நாட்டிலேயே ஒரு சிறுமி செய்து காட்டியிருக்கிறாள். ஹாக்கி நம் தேசிய விளையாட்டு என்று பொது அறிவுப் புத்தகம்தோறும் இருக்கும். 2012-இல் லக்னோ பள்ளிச் சிறுமி ஒருத்தி அதற்கான அரசாணையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டாள். எந்த விளையாட்டையும் அப்படி அறிவிக்கவில்லை என்று விளையாட்டு அமைச்சகம் பதில் அனுப்பியது. இன்றைக்கும் தேடிப் பாருங்கள், ஹாக்கி என்றே அடித்துச் சொல்கிற பக்கங்கள் எத்தனையோ வரும்.

நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஆய்வகத்தில் வாரத்துக்கு ஒரு பாடவேளையைத் தேடுவதற்கென்றே ஒதுக்கட்டும். புராஜெக்ட் மதிப்பெண்ணில் பாதியை, எங்கிருந்து எடுத்தாய், அதை ஏன் நம்பினாய் என்ற இரண்டு கேள்விகளுக்கு வைக்கட்டும். எடுத்த இடம் ‘கூகுள்’ என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது. தமிழ் விக்கிப்பீடியா என்றால், கட்டுரைக்கு அடியில் இருக்கிற மேற்கோளையும் திறந்து பார்த்திருக்க வேண்டும். தலைப்பு கொடுக்கிற நாங்களும் மாற வேண்டும். ‘சூரியக் குடும்பம்’ என்று கேட்டால் பிரின்ட் அவுட்தான் வரும். 2006-இல் புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தது யார், என்ன காரணம் சொன்னார்கள், அதை ஒத்துக்கொள்ளாதவர்கள் யார் என்று கேட்டால், நாலு பக்கமாவது திறந்து படித்தாக வேண்டும்.

கடைசியாக, உங்களிடமும் ஒரு கோரிக்கை. உங்கள் மாணவர் இணைப்பிதழை என் வகுப்பில் போட்டி போட்டுக்கொண்டு படிக்கிறார்கள். அதில் ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று பெட்டி கட்டிப் போடும் துணுக்குகளின் கீழே, எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். போன வாரத் துணுக்கைச் சரிபார்க்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை,
கும்பகோணம்