சைக்கிளைப் பின்னால் பிடித்து ஓடி வந்தவர்களுக்கு

அறிவொளியில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் வணக்கம்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், படிக்காத பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்த அறிவொளி இயக்கம் நடந்தபோது எனக்கு 27 வயது. இரண்டு பிள்ளைகள். ரேஷன் கடையிலும் பேங்கிலும் கைநாட்டு. அப்படி இருந்தவள் இந்த மடலை என் கையாலேயே எழுதுகிறேன். இவ்வளவு வருஷம் தள்ளிப்போட்டது தப்புதான்.

முதல் நன்றி, பக்கத்து ஊரிலிருந்து பாடம் சொல்ல வந்த தங்கச்சி உனக்கு. நாங்கள் நடவு முடித்து, தண்ணீர் தூக்கி, உலை வைத்து இறக்கி, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வர எட்டரை மணி ஆகிவிடும். நீ அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றிவைத்துக் காத்திருப்பாய். சம்பளம் கிடையாது. இருட்டில் திரும்பிப் போக வேண்டும். நீ எனக்கு முதன்முதலில் எழுதிக் காட்டிய சொல் 'பட்டா'. வாயால் ஆயிரம் தடவை சொன்ன சொல், சிலேட்டில் இப்படித்தான் இருக்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "யார் பேர்ல இருக்கு அக்கா?" என்று கேட்டாய். மாமனார் பேரில் என்றேன். மண்வெட்டி பிடிக்கிறது யார் என்று அடுத்து கேட்டாய். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் சைக்கிள். படிப்போடு பெண்கள் சைக்கிளும் பழக வேண்டும் என்று அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அம்மா முடிவு செய்தார்கள். எங்களுக்கு முதலில் புரியவில்லை. எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் கேட்டேன். மனு எழுதத் தெரிந்தாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க யாராவது ஆம்பளை கூட வர வேண்டியிருந்ததே, அதுதான் சம்பந்தம். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். விட்டால் நடை. அந்த இரண்டு பஸ்ஸுக்குள்தான் எங்கள் உலகம் முழுக்க அடங்கியிருந்தது.

தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் பழகினோம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முட்டி பெயர்ந்து, ஹேண்டில்பார் திருகிக்கொண்டு. கரையில் நின்று சிரித்தவர்கள் உண்டு. வீட்டில் அடி வாங்கிவிட்டு மறுநாள் திரும்பி வந்தவளும் எங்களில் உண்டு. அவள் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு நாங்களே அவளுக்குச் சைக்கிளைப் பிடித்துவிட்டோம். வாடகை சைக்கிள் கடை அண்ணனே, வளைத்துக் கொண்டுவந்த ரிம்முக்கு எங்களிடம் ஒரு பைசா வாங்காதவர் நீங்கள். "கீழ பாக்காத, தூரத்த பாரு" என்று கேரியரைப் பிடித்தபடி கூடவே ஓடி வந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கத்து அண்ணன்மாரே, நீங்கள் எப்போது கையை விட்டீர்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

என் மாமியார் இப்போது இல்லை. ஊரே ஏசியபோது, "விழுந்து எந்திரிச்சு வா, பிள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்று அந்த மனுஷி சொன்னது மட்டும் இல்லையென்றால் நான் கண்மாய்ப் பக்கமே போயிருக்க மாட்டேன். அவருக்குச் செய்ய வேண்டிய கும்பிடு பாக்கி இருக்கிறது.

கடன் வாங்கித்தான் சைக்கிள் எடுத்தேன். லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை, பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான். அதுவே வசதியாகப் போயிற்று. சின்னவனை முன்னால் பாரில் உட்காரவைத்து, பின்னால் காய்க்கூடையைக் கட்டிக்கொண்டு மூன்று ஊர் சுற்றி விற்றுவிட்டு, உச்சி வெயிலுக்குள் வீடு திரும்பிவிடுவேன். என்னைப் போல மாவட்டம் முழுக்க 70,000 பெண்களுக்கு மேல் சைக்கிளோடு தெருவுக்கு வந்து ஓட்டிக் காட்டினார்கள். கல்குவாரியில் கல் உடைத்தவர்கள், அங்கன்வாடி ஆயாக்கள், டீச்சர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். எங்கள் செவிலியர் அக்காவும் அப்போது பழகியவர்தான். என் நாத்தனாருக்கு நடுராத்திரியில் வலி எடுத்தபோது நான் சைக்கிளில் போய் எழுப்பினேன், அவர் தன் சைக்கிளில் முன்னால் பறந்தார். நாங்கள் இரண்டு பேரும் வருவதற்காக யாரையும் கெஞ்சவில்லை. அந்தக் குழந்தைக்கு இன்று முப்பது வயதுக்கு மேல்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். ஒரே வயலில் ஒரே வெயிலில் நிற்கிறோம், பெண்ணுக்குக் கூலி இன்னும் குறைச்சல்தான். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ரொம்ப நல்ல காரியம், ஆனால் பஸ் வராத ஊர்க்காரி அதில் எப்படி ஏறுவாள்? படித்த பெண்ணும் கல்யாணத்துக்கு அப்புறம் கணவனைக் கேட்காமல் வாசல் தாண்ட முடியாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. இதையெல்லாம் கிராம சபையில் எழுந்து பேசுகிறேன். பேசும்போது குரல் நடுங்குவது நின்று பல வருஷம் ஆகிறது.

தங்கச்சி, உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். மாமனார் காலத்துக்குப் பிறகு பாகம் பிரித்தபோது மனுவை நானே எழுதினேன். இப்போது அந்தப் பட்டாவில் வீட்டுக்காரர் பேரோடு என் பேரும் இருக்கிறது. கூட்டுப் பட்டா. என் பேரை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன்.

நீ எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாய் என்று யாருக்கும் தெரியவில்லை. இது உன் கண்ணில் பட்டால் ஒருமுறை வா. விலக்கு ரோட்டில் இறங்கி நில், நான் சைக்கிளோடு வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

என்றும் அன்போடு,
உன் ராத்திரிப் பள்ளிக்கூடத்து அக்கா