ஆமைக்குஞ்சைக் கையில் தருவதாக விளம்பரம் செய்யும் பயண நிறுவனங்களுக்கு

இலங்கையின் கொஸ்கொட, இந்துருவ, பெந்தோட்டை, ஹபராதுவ கடற்கரைகளில் உள்ள ஆமைப் பொரிப்பகங்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று கட்டணம் வாங்கித் தன்னார்வலர்களை அனுப்பும் நிறுவனங்களுக்கு, கடலாமைக் களப்பணி தெரிந்தோர் எழுதுவது.

வணக்கம்.

உங்கள் விளம்பரங்களில் மூன்று வேலைகள் திரும்பத் திரும்ப வருகின்றன: தொட்டி கழுவுவது, ஆமையின் ஓட்டைத் தேய்த்துவிடுவது, மாலையில் குஞ்சுகளைக் கடலில் விடுவது. இவற்றில் ஒன்றுகூட ஆமைக்குத் தேவைப்பட்டு வந்த வேலை இல்லை. காசு கட்டி ஆள் வந்துவிட்டார், பகலில் அவருக்குச் செய்ய ஏதாவது வேண்டும், அதற்காக வந்தவை. எங்கள் குற்றச்சாட்டே இதுதான்.

குஞ்சு பொரிந்ததும் மணலுக்குள் மற்றவற்றோடு சேர்ந்து முண்டி மேலேறும். மேல்மணல் குளிர்ந்த பிறகு, பெரும்பாலும் இரவில், வெளியே வரும். வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மிச்ச மஞ்சள்கருதான் அதற்குக் கட்டுச்சோறு. கடலில் இறங்கியதும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஓயாமல் நீந்தும். முதல் சில மணி நேரத்தில் அந்த வேகம் உச்சத்தில் இருக்கும். கரையோர மீன்களைத் தாண்டி ஆழத்துக்குப் போய்ச் சேர அதற்கு வேறு வழியில்லை. அதைப் பிடித்துச் சிமெண்டுத் தொட்டியில் போட்டால் அங்கேயும் நீந்தத்தான் செய்யும், சுவரில் முட்டி முட்டி. மூன்றாம் நாள் கடலில் விடும்போது கட்டுச்சோற்றில் ஒரு பங்கு வீணே செலவாகியிருக்கும், வேகமும் தணிந்திருக்கும். நெருக்கி அடைத்தால் ஒன்றின் துடுப்பை இன்னொன்று கடிக்கும். கடிவாயில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பற்றும். "கொஞ்சம் வளர்த்து, பலமாக்கி விடுகிறோம்" என்று பொரிப்பகங்களில் சொல்வார்கள். சில நாள் தொட்டியில் வைத்ததால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை.

விடும் விதத்திலும் கோளாறு உண்டு. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் விட்டால் மீன்கள் அந்த இடத்துக்கு வந்து காத்திருக்கப் பழகும். வெளிச்சம் இருக்கும்போது விட்டால் பறவைகளுக்கு விருந்து. நேரே தண்ணீரில் போடவும் கூடாது. அலைக்கோட்டுக்குப் பல மீட்டர் முன்னால் மணலில் விட்டுத் தானாக ஊர்ந்து போகவிட வேண்டும். உங்கள் விருந்தினரின் கையில் வெயில் களிம்பும் கொசு மருந்தும் இருக்கும். அந்தக் கையோடுதான் படத்துக்காகக் குஞ்சைத் தூக்குகிறார்.

முட்டை விவகாரம் இதைவிடச் சிக்கலானது. இலங்கையில் கரையேறும் பேராமை, பங்குனி ஆமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, தோணியாமை என்னும் ஐந்து இனங்களும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. முட்டையை எடுப்பதும் விற்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். ஆனாலும் பல பொரிப்பகங்கள் முட்டை எடுப்பவர்களிடம் விலைக்கு வாங்குகின்றன. வாங்காவிட்டால் சந்தைக்குப் போய்ச் சாப்பாடாகும் என்பது அவர்கள் வாதம். அதை நாங்கள் ஒரேயடியாகத் தள்ளவில்லை. ஆபத்தில்லாத கூட்டையும் தோண்டி எடுக்க அதே விலைதானே தூண்டுகிறது என்பதற்கு மட்டும் யாரும் பதில் சொல்வதில்லை.

வாங்கிய முட்டை எத்தனை மணி நேரம் பையில் கிடந்தது என்றும் கேட்க வேண்டும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டத் தொடங்கும். அதன்பின் சில வாரங்களுக்கு முட்டையை உருட்டினாலோ குலுக்கினாலோ கரு செத்துப்போகும். ஆகவே இட்ட இரண்டு மணி நேரத்துக்குள், தவறினால் ஆறு மணி நேரத்துக்குள், திருப்பாமல் எடுத்துப் புதைத்தாக வேண்டும். பங்குனி ஆமைக்குச் சுமார் 45 செ.மீ. ஆழம், பேராமைக்கு அதைவிடக் கூடுதல்; குழி கழுத்து குறுகி அடி அகன்று இருக்க வேண்டும், கூட்டுக்குக் கூடு ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. 29 பாகை செல்சியஸை ஒட்டிய அளவில் இரண்டும் கலந்து வரும், மேலே போகப் போகப் பெண் மட்டுமே. 34, 35 என்று ஏறி நின்றால் கூடே வெந்துவிடும். வெப்பமானி செருகாத, நிழல்வலை கட்டாத, அதே மணலை ஆண்டுக்கணக்கில் மாற்றாத பொரிப்பகத்துக்கு நீங்கள் எத்தனை பேரை அனுப்பினாலும் பயனில்லை.

ஓடு தேய்ப்பதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. காயம்பட்டதென்று தொட்டியில் வைத்திருக்கும் ஆமையை, காயம் ஆறியதும் கடலுக்கு அனுப்பினால் தேய்க்க ஓடு இருக்காது.

மாற்றுவழி தூரத்தில் இல்லை. இலங்கையின் தென்கரையிலேயே, ரெக்கவ என்ற ஊரில், 1996 முதல் முன்பு முட்டை எடுத்தவர்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, முட்டையை இட்ட இடத்திலேயே காவல் காக்கும் முறை நடத்திக் காட்டப்பட்டது. 2006இல் அந்தக் கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சென்னையில் 1988 முதல் மாணவர் குழு ஒன்று பருவகாலத்தில் இரவு முழுக்கக் கடற்கரையில் நடந்து கூடு தேடுகிறது. நகரத்து விளக்கும் நாய்களும் இருப்பதால் அங்கே முட்டையை இடம் மாற்றியே ஆக வேண்டியிருக்கிறது. ஆனால் குஞ்சு வெளிவந்தால் கடலுக்குப் போய்விடும், அடுத்த வாரப் பார்வையாளருக்காகக் காத்திருக்காது.

பயணியின் கைக்கு வேலை இல்லாமல் போகாது. இரவுக் காவலருடன் நடக்கலாம், சிவப்பு விளக்கோடு, ஆமை முட்டையிடத் தொடங்கும்வரை கிட்டே போகாமல். குஞ்சுகள் போன பிறகு கூட்டைத் தோண்டி வெற்று ஓடு எத்தனை, பொரியாத முட்டை எத்தனை என்று எண்ணிப் பதியலாம். நாற்றமடிக்கும் வேலை, ஆனால் பொரிப்பு விகிதம் தெரிய இதைத் தவிர வழியில்லை. செத்துக் கரையொதுங்கும் ஆமைகளின் ஓட்டு நீளத்தை நாடாவால் அளந்து, வலைத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்துக் குறிக்கலாம். 2021இல் கொழும்புக்கு அருகே கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் எரிந்து மூழ்கியபின் நூற்றுக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. வழக்கமாக எத்தனை ஒதுங்கும் என்ற பழைய பதிவு கையில் இருந்தால்தான் அந்த எண்ணிக்கையை வைத்து வாதாட முடியும். கரையோர ஹோட்டல்களின் கடல்பக்க விளக்குகளைக் கணக்கெடுத்து, மறைப்புப் போடச் சொல்லிப் பேசலாம். அந்த ஹோட்டல்களில் சில உங்கள் கூட்டாளிகள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த பருவத்துக்கான ஒப்பந்தத்தில் இவற்றை எழுத்தில் கேளுங்கள்: குஞ்சு வெளிவந்த இரவே கடலுக்கு, பார்வையாளருக்கென்று தொட்டியில் ஒன்றும் வைப்பதில்லை, ஒவ்வொரு கூட்டுக்கும் முட்டை வந்த கரை, இட்ட நேரம், புதைத்த நேரம், வெப்பம், பொரிந்த எண்ணிக்கை கொண்ட பதிவேடு, அதன் நகல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. நீங்கள் வாங்கும் கட்டணத்தில் இரவுக் காவலரின் சம்பளத்துக்கு எவ்வளவு போகிறது என்பதையும் விலைப்பட்டியலில் அச்சிடுங்கள். மறுக்கும் பொரிப்பகத்துக்கு ஆள் அனுப்பாதீர்கள்.

விளம்பரத்தையும் மாற்றியாக வேண்டும். ஆண்டின் சில மாதங்களில் கூடு குறைவு. அப்போதும் தினசரி குஞ்சு உண்டு என்று விற்றால், அந்தக் குஞ்சை யாராவது எங்காவது அடைத்து வைத்தே தீர வேண்டும். "ஆமையைப் பார்க்காமலே ஊர் திரும்ப நேரலாம், அதற்காகப் பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியை முதல் பக்கத்திலேயே, படத்தின் மேல், பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
கடலாமைக் களப்பணியாளர்கள்