முருகேசனுக்கு, லேயிலிருந்து

முருகேசா,

நேற்று மதியம் லே வந்து சேர்ந்தேன். மணாலியிலிருந்து சைக்கிளில் கிளம்பி 16-ஆவது நாள். வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, அதனால்தான் இத்தனை நாள் என் சத்தமே இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அதை முதலில் எழுது.

எட்டாவது படிக்கும்போது கம்பத்தில் வாடகை சைக்கிள் எடுத்துக் குமுளி ஏறினோமே, ஞாபகம் இருக்கிறதா? மேலே மழை கொட்டும், திரும்ப லோயர் கேம்ப் இறங்கினால் தரை காய்ந்து கிடக்கும். ரோதாங் கணவாயிலும் அதேதான், ஆனால் நூறு மடங்கு பெரிதாக. மணாலி பக்கம் ஜூலை மழையும் பனிமூட்டமும் சேறும், முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியவில்லை. 3,978 மீட்டரில் உச்சியைத் தாண்டி லாஹோல் பக்கம் இறங்க ஆரம்பித்ததும் மழை பின்னால் நின்றுவிட்டது. மேகம் மலையைத் தாண்ட முடியாமல் அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. அங்கிருந்து போகப்போக மரம் குறைந்து, புல் குறைந்து, கடைசியில் கல்லும் மண்ணும்தான். லேயில் வருஷம் முழுக்கப் பெய்வதே 100 மில்லிமீட்டர் வாக்கில்தான். பனி கிடக்கிற பாலைவனம் அது.

இனி சொல்லப்போவது நீ கோபப்படுகிற விஷயம். வழியில் தங்குகிற இடங்களில் ஜிஸ்பா 3,200 மீட்டர், அதற்கு மேலே ஜிங்ஜிங்பார் 4,270. மூவாயிரத்துக்கு மேலே போய்விட்டால், தூங்குகிற இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்பது எனக்குத் தெரியும், பயணத்துக்கு முன்னால் உனக்கே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் அன்றைக்குக் கால் நன்றாக மிதித்ததால் ஒரே நாளில் ஏறிவிட்டேன். ராத்திரி தலைவலி வந்தது, உயரத்தில் காற்று குறைந்து வருகிற நோய் என்று தோன்றவில்லை, வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். காலையில் டாபாவில் காசு கொடுக்கும்போது நோட்டை மூன்று தடவை எண்ணி மூன்று தடவையும் வேறு வேறு கணக்கு வந்தது, அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை முருகேசா. டாபா நடத்துகிற அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீச்சே ஜாவ்" என்றார். கீழே போ. நான் மேலே பாரலாச்சா கணவாயைத் தாண்டி, அடுத்துத் தங்குகிற இடமான சர்ச்சு போய்விட்டால் படுத்துக்கொள்ளலாம் என்று ஏதோ உளறினேன். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளாமல், கீழே போகிற லாரியை நிறுத்தி, சைக்கிளை ஏற்றச் சொல்லிவிட்டார்.

அவர் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு சர்ச்சுவில் நின்று பார்த்தபோதுதான் புரிந்தது. சர்ச்சு 4,290 மீட்டர். வந்த வழியில் திரும்பினால் 4,890 மீட்டர் பாரலாச்சா, முன்னால் போனால் நக்கீ லாவும் 5,000-க்கு மேலே லாச்சுங் லாவும் (லா என்றால் கணவாய்). எந்தப் பக்கம் தப்பித்து இறங்க வேண்டும் என்றாலும் முதலில் ஏற வேண்டும்.

ஜிஸ்பாவில் இரண்டு நாள் ஆற்றோரம் சும்மா படுத்துக் கிடந்தேன். அப்புறம் பட்சியோவில் ஒரு ராத்திரி தங்கி, மெதுவாக மறுபடி ஏறினேன். அந்த அம்மா கடையில் ரெண்டு தட்டு ராஜ்மா சோறு சாப்பிட்டேன், இந்தத் தடவை கணக்கு சரியாக வந்தது.

அதற்குப் பிறகு என் ஒவ்வொரு நாளையும் மலைதான் வகுத்துக் கொடுத்தது. மதிய வெயிலில் பனி உருகி, ரோட்டைக் குறுக்கே வெட்டி ஓடுகிற நாலாக்களில் (ஓடைகளில்) தண்ணீர் ஏறிவிடும், காலை ஏழு மணிக்குக் கணுக்கால் அளவு இருப்பது மூன்று மணிக்கு முழங்காலைத் தொடும். அதனால் விடிவதற்குள் எழுந்து, விரல் விறைத்துப்போய்ப் பையைக் கட்டுவேன். மதியத்துக்கு மேல் எதிர்காற்று, சமதரையில்கூட உருட்ட முடியாது. காட்டா என்கிற கொண்டை ஊசி வளைவுகள் இருபத்தொன்றையும் அந்தக் காற்றுக்கு முன்னால் ஏறிவிட்டேன், ஒவ்வொரு வளைவிலும் நின்று மூச்சு வாங்கித்தான். பாங் என்கிற இடத்தில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, குக்கர் இல்லாமல் அரிசி வேகாது.

மோரே சமவெளியை நீ பார்க்க வேண்டும். 4,700 மீட்டருக்கு மேலே நாற்பது கிலோமீட்டர் வெட்டவெளி. தூரத்தில் கியாங் என்கிற காட்டுக் கழுதைக் கூட்டம், சாங்பா மேய்ப்பர்களின் ஆடுகள் (பஷ்மினா கம்பளி இந்த ஆடுகளிடமிருந்துதான்), வேறு ஒன்றும் இல்லை. வெயிலில் முகம் பொசுங்குகிறது, சைக்கிள் நிழலில் வைத்த கை குளிர்கிறது. அங்கே சத்தமாகப் பேசிக்கொண்டே மிதித்தேன், பெரும்பாலும் உன்னிடம்தான்.

தங்லங் லா 5,328 மீட்டர். கடல்மட்டத்தோடு பார்த்தால் பாதி காற்றுதான், முப்பது மிதி, ஒரு நிறுத்தம், முப்பது மிதி. உச்சியில் பிரார்த்தனைக் கொடிகள் படபடத்துக்கொண்டிருந்தன. அழுதேன். யாரும் இல்லை, அதனால் நன்றாகவே அழுதேன். பிறகு ரும்ட்ஸே வரை ஒரே இறக்கம், இத்தனை நாள் கழித்துப் பச்சையாக ஒரு பார்லி வயல், களத்தில் ஒரு கிழவர் கையை உயர்த்தி "ஜூலே" என்றார், லடாக்கில் வணக்கம் சொல்வது அப்படித்தான். உப்ஷியில் சிந்து ஆற்றைப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் கலங்கி ஓடியது.

முட்டியை டாக்டரிடம் காட்டினாயா? ஊசி போட்டுக்கொண்டு வலியை மறைக்காதே, முழுசாகச் சரியாகட்டும், ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை. அடுத்த தடவை ஸ்பிதி வழி போகலாம் என்று நினைக்கிறேன், ஆனால் தனியாக இல்லை. காசை எண்ணும்போது என் முகத்தைப் பார்க்க நீ பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பழைய கேரியர் இன்னும் உன் வீட்டுப் பரணில்தானே கிடக்கிறது? எடுத்துத் துருவைத் துடைத்து எண்ணெய் போட்டு வை.

உன்,
சேகர்