"சர்வர் டவுன்" என்று திருப்பி அனுப்பும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிசான நெல் பருவத்துக்குப் பயிர்க் காப்பீடு பதிய, வருமானச் சான்று எடுக்க, தேர்வுக்கு விண்ணப்பிக்க என்று களக்காடு, சேரன்மகாதேவி, மானூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் சென்டர்களில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "சர்வர் டவுன் அண்ணாச்சி, நாளைக்கு வாங்க." சில நாள் அது உண்மை. பல நாள் கோளாறு அந்த மேசையிலேயே இருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டு வந்தவரை அனுப்பும் முன் திரையில் உள்ள பிழை வரியை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் லைன் இருக்கிறது. அடுத்து, போனில் வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் அதே முகவரியைப் போடுங்கள். போனில் திறந்து கம்ப்யூட்டரில் திறக்காவிட்டால் குறை சென்டர் பக்கம். இரண்டிலும் திறக்காதபோதுதான் சர்வரைச் சொல்லலாம்.

5-இல் தொடங்கும் மூன்று இலக்க எண் வந்தால் உங்கள் லைனில் குற்றமில்லை. சர்வர் வரை போய்ப் பதிலும் வந்துவிட்டது. அந்தப் பதில்தான் அந்த எண். 503 என்றால் நெரிசல் அல்லது பராமரிப்பு. கடைசி நாளன்றும் ரிசல்ட் நாளன்றும் வருவது இதுதான். ரீலோட் பட்டனை விடாமல் தட்டுவது நெரிசலைக் கூட்டும். ஒரே இணைப்பில் பத்து கம்ப்யூட்டரிலிருந்தும் தட்டினால், அளவுக்கு மீறிய கோரிக்கை என்று 429 காட்டி உங்களையே சிறிது நேரம் நிறுத்தி வைக்கவும் கூடும். விடியற்காலையில் முயல்வது நல்லது. 502-ம் 504-ம் முன்னால் நிற்கும் சர்வருக்கு, அதன் பின்னால் இருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதிலோ, உரிய நேரத்தில் பதிலோ வராததைச் சொல்கின்றன. பணம் கட்டும் பக்கத்தில் இவை வந்தால் மறுபடி கட்டவே கூடாது. பணம் போயிருக்கலாம், ரசீது மட்டும் வந்திருக்காது. வங்கிக் குறுஞ்செய்தியையும் தளத்தில் கட்டண நிலையையும் பார்த்த பிறகே அடுத்த முயற்சி. 404 சாதாரணம்: சேமித்து வைத்த பழைய இணைப்பு மாறியிருக்கும், முகப்புப் பக்கம் வழியாகப் போனால் கிடைத்துவிடும்.

எண் எதுவும் இல்லாமல், சர்வரின் ஐபி முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று வந்தால் அது டிஎன்எஸ் சிக்கல். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் இடத்தில் தடங்கல். முகவரியில் எழுத்துப் பிழை இல்லை என்று பார்த்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான 8.8.8.8-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போடுங்கள். பதில் வந்தும் பெயரைப் போட்டால் எந்தத் தளமும் திறக்கவில்லையா? நெட்வொர்க் அமைப்பில் டிஎன்எஸ் இடத்தில் 8.8.8.8, மாற்றாக 1.1.1.1 கொடுத்தால் சரியாகும்.

பழைய கம்ப்யூட்டர்களில் அதிகம் கவனிக்கப்படாதது கடிகாரம். "உங்கள் இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று தளத்துக்குத் தளம் வந்தால் முதலில் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். இரவில் மெயின் சுவிட்சை அணைக்கும் கடைகளில், மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 பேட்டரி தீர்ந்திருந்தால் காலையில் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் அந்தத் தேதிக்குச் செல்லாது. 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்றை மாற்றி, தேதியைச் சரிசெய்தால் போதும். தேதி சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், "தொடர்க" என்பதை அழுத்தி ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கையோ கொடுக்காதீர்கள். முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

ஃபைபர் பெட்டியில் 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள். கேபிள் அறுந்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது முனை கழன்றிருக்கும். எத்தனை முறை பெட்டியை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. ராதாபுரம், வள்ளியூர் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கேபிளுக்கு இது நேரக்கூடியதே. பெட்டிக்கு வரும் மெல்லிய வயரை மேசைக் காலில் இறுக்கிச் சுற்றாதீர்கள். முனையைக் கழற்றி விரலால் துடைப்பதும் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் கூடவே கூடாது. சிவப்பு இல்லை, லைன் சேர்ந்ததைக் காட்டும் 'பான்' விளக்கு பச்சையாக நிலைத்து நிற்கிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் மாதக் கட்டணம் முடிந்துவிட்டதா, ரவுட்டரில் உள்ள லாகின் அழிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பெட்டியும் ரவுட்டரும் தனித்தனி என்றால் இரண்டையும் அணைத்து, 30 விநாடி விட்டு, முதலில் பெட்டியைப் போட்டு, விளக்கு நிலைத்த பிறகே ரவுட்டரைப் போடுங்கள்.

ஒரே ஒரு தளம் மட்டும் மக்கர் செய்தால் பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். அதில் வேலை செய்தால், அந்தத் தளம் பிரவுசரில் சேமித்து வைத்த குறிப்பான பழைய குக்கீதான் காரணமாக இருக்கும். அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் நீக்குங்கள், மொத்தத்தையும் துடைத்துவிட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் சர்வர்தான் என்றால், சென்டர் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாமல், தள முகவரி, பிழை எண், தேதி, நேரம் நான்கும் தெரியும்படி திரையைப் படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்புங்கள். கடைசி நாள் தாண்டிவிட்டால் வேளாண்மை அலுவலகத்திலோ தாலுகா அலுவலகத்திலோ தன் தவறு இல்லை என்று காட்ட அவர் கையில் அதுவாவது இருக்கும். விண்ணப்பக் கடைசி நாள் செய்திகளை வெளியிடும்போது திரையைப் படம் எடுத்து வைக்கச் சொல்லும் இந்த ஒரு வரியைத் தாங்களும் சேர்த்துப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கணினி வலையமைப்புப் பணியில் உள்ள வாசகர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.